மெய்க்கும் மெய்க்கும் நடுவே உயிர் வைப்பது எப்படி: டைப் அடிக்க உட்காரும் புதியவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், உத்தரகிரியைப் பத்திரிகை, டிராக்டர் பட்டறைக்கு பில் புத்தகம் என்று எல்லாம் வரும். புதிதாக டைப் அடிக்க வருகிற பிள்ளைகள் எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ப்ர, த்ர, க்ல, ஸ்வ என்று இரண்டு மெய் ஒட்டிக்கொண்டு நிற்கிற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?

நடுவில் ஓர் உயிரைச் செருகினால் வாய்க்குச் சுலபம் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. எந்த உயிர், எந்த இடம், எப்போது செருகக் கூடாது என்பதில்தான் தடுமாற்றம். இதற்கு வடமொழியில் ஸ்வரபக்தி என்று பெயர், அந்தப் பெயரையே தமிழ் வாய் அப்படியே விழுங்காது பாருங்கள். கீழே இருப்பதை வரிசையாகச் செய்யுங்கள், வரிசையை மாற்றினால் ஒரு இடத்தைச் சரிசெய்யப் போய் இன்னொரு இடம் கெட்டுப்போகும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

வல்லினம் எது, மெல்லினம் எது, இடையினம் எது என்பது தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். க ச ட த ப ற, ங ஞ ண ந ம ன, ய ர ல வ ழ ள. ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. இனி வரும் ஒவ்வொரு படியிலும் கேட்கப்போகிற கேள்வி "இது எந்த இனம்?" என்பதுதான்.

அடுத்தது, எந்தத் தரத்தில் எழுதப்போகிறோம் என்பதை வேலை கொடுத்தவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்வாமி, சுவாமி, சாமி மூன்றும் ஒரே ஆள்தான். கோயில் பட்டர் ஸ்வாமி என்று எழுதிக்கொடுப்பார், நாளிதழ் நடை சுவாமி, ஊர்க்காரர்கள் போடுகிற கிடாவெட்டு நோட்டீஸில் சாமி. மூன்றும் சரி. ஒரே நோட்டீஸில் மூன்றும் வந்தால் தப்பு. பாதி வேலை முடிந்த பிறகு இதைக் கேட்டால் முதல் வரியிலிருந்து திரும்ப வர வேண்டியிருக்கும், அதனால்தான் முன்னாலேயே கேட்கச் சொல்கிறேன்.

கீபோர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவழைக்கிறவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை அதிகம். கை ஆங்கிலத்தில் ஓடுவதால் நடு உயிரைத் தட்டாமலே போய்விடுகிறது, திரையில் ப்ரசாதம் என்று வந்து நிற்கிறது. தமிழ்99-இல் பழகியவர்கள் ஒவ்வொரு எழுத்தையும் தமிழாகவே நினைத்து அடிப்பதால் குறைவாகத் தப்பு செய்கிறார்கள். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும் வசதியும் அதில் இருக்கிறது, எட்டாவது படியில் அது உதவும்.

2. எழுத்தைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள்

டேபிள், சைக்கிள், ஆப்பிள், பாட்டில். இவற்றின் ஆங்கில எழுத்தைப் பார்த்தால் கடைசி இரண்டு மெய்களுக்கு நடுவே உயிர் எதுவும் கிடையாது. ஆனால் காதில் ஒன்று விழுகிறது, நாமும் அதைத்தான் எழுதுகிறோம். பிலிம் கூட அப்படித்தான், ல-வுக்கும் ம-வுக்கும் நடுவில் இருக்கிற இகரம் நம் வாய் போட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு, பிஸ்னஸ் என்ற சொல்லில் ஆங்கில எழுத்தில் ஓர் உயிர் உட்கார்ந்திருக்கும், யாரும் அதை உச்சரிப்பதில்லை.

சோதனை எளிது. தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துக்கொண்டு சொல்லைச் சாதாரணமாகச் சொல்லுங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை உயிர். ஆங்கிலத்தில் பிரேக் ஒரே இறக்கம். நம் டவுன் பஸ் டிரைவர் சொல்லும்போது பி, ரேக், கு என்று மூன்று. எழுதும்போது முதல் இரண்டை எடுத்துக்கொண்டு பிரேக் என்று நிறுத்துகிறோம். எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் மீதிப் படிகள்.

3. வரிசை: தலை, வால், அப்புறம் நடு

சொல்லின் முதல் எழுத்தை முதலில் பாருங்கள், கடைசி எழுத்தை அடுத்ததாக, நடுவைக் கடைசியில். காரணம் இருக்கிறது.

தலையில் பேரம் கிடையாது. தமிழ்ச் சொல் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது, "உயிர்மெய் அல்லன மொழிமுதல் ஆகா" என்று தொல்காப்பியம் ஒரே வரியில் முடித்துவிட்டது. வாலில் ஓரளவு பேரம் உண்டு. நடுவில் நிறையவே உண்டு, ஏனென்றால் அங்கே முதல் மெய் தனக்கு முன்னால் இருக்கிற உயிரோடு ஒட்டிக்கொண்டுவிடும். பெட்ரோல் என்பதை பெட், ரோல் என்று பிரித்துச் சொல்லிவிடலாம், வாய்க்கு ஒரு கஷ்டமும் இல்லை. பிரேக்கில் அந்தப் ப் ஒட்டிக்கொள்ள முன்னால் ஆள் இல்லை.

நடுவிலிருந்து ஆரம்பிக்கிறவர்கள் பெட்டிரோல் என்று எழுதிவிட்டு, தலையில் ட்ராக்டர் என்று விட்டுவிடுகிறார்கள். செருக வேண்டிய இடத்தில் செருகாமல், வேண்டாத இடத்தில் செருகி.

4. எந்த உயிர்? பின்னால் வரும் எழுத்தைக் கேளுங்கள்

புதியவர்கள் முன்னால் இருக்கிற மெய்யைப் பார்க்கிறார்கள். அது தப்பு. ப், த், க் எதுவாக இருந்தாலும் அதற்கு வேலை இல்லை, அடுத்து வருகிற எழுத்துதான் உயிரைத் தீர்மானிக்கிறது. நன்னூல் பதவியலின் முடிவில் இதற்கென்றே ஒரு சூத்திரம் இருக்கிறது. ய, ர, ல-வுக்கு முன்னால் இகரம். ம, வ-வுக்கு முன்னால் உகரம். ந-வுக்கு முன்னால் அகரம். ரகர மெய்க்குப் பின்னால் உகரம். அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்பது வாய்க்குள்ளேயே இருக்கிறது. ய் சொல்ல நாக்கு மேலண்ணத்துக்குப் போக வேண்டும், இ சொல்லவும் அங்கேதான் போக வேண்டும். போகிற வழியில் இகரம் இனாமாகக் கிடைக்கிறது. ம, வ இரண்டும் உதட்டு வேலை, உகரமும் உதட்டைக் குவிக்கிற வேலை. மனப்பாடம் செய்யாமல் வாயைக் கவனித்தாலே வந்துவிடும்.

இங்கே நவக்கிரகச் சுற்றுலா பஸ்களின் பலகையைப் படித்தால் இகரப் பாடம் முடிந்தது. கிரகம் என்பதே க்ர. சூரியனார்கோயில் சூரியன், ர்ய. கஞ்சனூர் சுக்கிரன், க்ர. திங்களூர் சந்திரன், த்ர. எல்லாவற்றிலும் இகரம். அப்புறம் பஸ்ஸை விட்டு இறங்கி எந்தக் கோயில் சன்னிதியிலும் நுழைந்தால் இரண்டு பக்கமும் நிற்கிறார் துவாரபாலகர். த்வ, எனவே உகரம்.

நன்னூல்காரர் டியூப்லைட்டைப் பார்த்ததில்லை. ஆனாலும் டியூப், டியூட்டி, மியூசிக் எல்லாம் ய-வுக்கு முன் இகரம். பிரஷ், கிரீம், டிரைவர் ர-வுக்கு முன் இகரம். பிளேட், கிளட்ச் ஆகியவற்றில் ல-வை ள ஆக்கிவிட்டோம், இகரம் மாறவில்லை. குவார்ட்டர், சுவிட்ச் வ-வுக்கு முன் உகரம்.

இதில் ஒரு உள்விதி இருக்கிறது, சூத்திரத்தில் இல்லாதது, வேலை செய்து செய்து நான் பிடித்தது. ர-வோ ல-வோ உ, ஊ, ஒ, ஓ ஏறி வந்தால் செருகுகிற உயிர் பெரும்பாலும் இகரம் இல்லை, உகரம். குரூப், புளூ, புரூஃப், புரோக்கர், குளுக்கோஸ். வடசொல்லிலும் அப்படியே: துரோகம், குரோதம், குரூரம், துருவன், சுலோகம். உதடு குவிய வேண்டியது முன்கூட்டியே தெரிந்துவிடுவதால் ஒரு எழுத்து முன்னாலேயே குவிந்துவிடுகிறது. இது தெரியாமல் சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிரோதம், திரோகம் என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

அப்படியானால் கிருஷ்ணன், மிருகம், திருஷ்டி? அங்கே ரு இருந்தும் இகரம்தானே என்று கேட்பீர்கள், போன மாதம் வந்த பையனும் கேட்டான். அவை மூலத்தில் ர் என்ற மெய்யே அல்ல, வடமொழியில் அது ஓர் உயிரெழுத்து. தமிழில் அதை இரு என்று விரித்து எழுதுகிறோம். க் + இரு கிரு, ம் + இரு மிரு, ஹ்ருதயம் இருதயம். இந்தக் கூட்டத்தைத் தனியாக ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பட்டியல்தான்.

ந, ன விஷயத்தில் நன்னூல் சொன்ன அகரம் அரதனம் என்ற சொல்லில் இருக்கிறது, எத்தனம் என்பதிலும் கேட்கலாம். இன்றைக்கு அது அரிது. ரத்தினம், பத்தினி, விக்கினம், அக்கினி என்று இகரமே ஜெயித்துவிட்டது. இகரமே போடுங்கள்.

சக்கரம்? ர-வுக்கு முன் இகரம் வர வேண்டியது, சக்கிரம் என்று யாரும் சொல்வதில்லை. சக்கரபாணி கோயில் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு விதியைக் காட்டி வாதாட முடியாது. பழகிய வடிவம் ஒன்று இருந்தால் விதி பின்னால் போகட்டும்.

5. ஸ் தனிக் கேஸ்

ஸ் தலையில் வந்தால் மேலே சொன்னதை அப்படியே போடாதீர்கள். அடுத்த எழுத்து இடையினமோ மெல்லினமோ என்றால் நடுவில் செருகலாம்: சிலேட்டு, சுவிட்ச், சினேகம். அடுத்தது வல்லினம் என்றால் நடுவில் செருகவே முடியாது, முன்னால்தான் வைக்க வேண்டும்: இஸ்கூல், இஸ்டூல்.

ஏன்? ஸ்கூலை நடுவில் பிளந்து சிகூல் என்று எழுதிப் பாருங்கள். தமிழில் இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிய ஒற்றைக் ககரம் மெலிந்துவிடும், அகம், முகம் என்பதில் கேட்கிற மாதிரி. கூல் என்ற அழுத்தம் போய்விடும், சொல்லே அடையாளம் தெரியாது. முன்னால் இ வைத்தால் ஸ் இகரத்தோடு ஒட்டிக்கொள்ளும், ககரம் கெட்டியாகவே நிற்கும். நம் கிழவிகள் இதை யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்யவில்லை, சிலேட்டைத் தூக்கிக்கிட்டு இஸ்கூலுக்குப் போ என்று ஒரே மூச்சில் இரண்டு விதியையும் சரியாகப் போட்டார்கள்.

அச்சில் என்ன செய்வது? இஸ்கூல் பேச்சு வழக்கு, கதையில் பாத்திரம் பேசினால் போடலாம். நோட்டீஸில் ஸ்கூல், ஸ்டேஷன், ஸ்பேனர் என்றே விடுங்கள், தலையில் புள்ளி எழுத்து வரக்கூடாது என்ற விதிக்கு இன்றைய எழுத்து கொடுத்திருக்கிற ஒரே பெரிய விலக்கு இந்த ஸ்தான். பழைய வடசொல் என்றால் ஸ்-ஐ உதிர்த்துவிடுவதும் நல்ல வழி. ஸ்தலம் தலம், ஸ்தம்பம் தம்பம். தல வரலாறு என்று எழுதினால் எந்தக் கோயிலிலும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

மூன்று மெய் சேர்ந்து வந்தால், ஸ்ப்ரிங், ஸ்க்ரூ மாதிரி, ஸ்-ஐ விட்டுவிட்டு மீதி இரண்டுக்கும் நாலாவது படியைப் போடுங்கள். ஸ்பிரிங், ஸ்குரூ.

6. வால்: கடைசியில் உகரம் எப்போது

தமிழில் சொல்லின் கடைசியில் வல்லின மெய் நிற்காது. க், ச், ட், த், ப், ற் எதுவும் புள்ளியோடு முடியாது, அதனால்தான் நாட், காட் என்று இல்லாமல் நாடு, காடு. ம், ன், ண், ய், ர், ல், ழ், ள் நிற்கலாம். எனவே டிரைவர், பெட்ரோல், ஸ்டேஷன், சைக்கிள் இவற்றுக்கு வாலில் ஒன்றும் வேண்டாம். நோட், ரோட், கப், பல்ப் இவற்றுக்கு உகரம் வேண்டும். பிரேக், சுவிட்ச் மாதிரி புள்ளியோடு பழகிவிட்டவற்றை மட்டும் அப்படியே விடுங்கள்.

உகரம் போடும்போது ஒரு கண்ணி இருக்கிறது. நோட்டு, ரோடு. ஒன்றில் இரண்டு ட, இன்னொன்றில் ஒன்று. இது சும்மா வந்தது இல்லை. ஒற்றை ட இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் மெலிந்து ஒலிக்கும். ரோடு என்பதன் கடைசி ஒலி மெலிந்ததுதான், எனவே ஒற்றை போதும். நோட்டின் கடைசி ஒலி வன்மையானது, ஒற்றை ட போட்டால் நோடு என்று கெட்டுவிடும். லோடு, ரேட்டு. கார்டு, கோர்ட்டு. மூல ஒலி வன்மையா மென்மையா என்று கேட்டு இரட்டியுங்கள் அல்லது விடுங்கள்.

வேற்றுமை ஏறும்போது ரோடு தமிழ்ச் சொல் மாதிரியே நடந்துகொள்ளும், காட்டில் என்பது போல ரோட்டில். கார்டு அப்படிச் செய்யாது, கார்டில்தான். பஸ் புள்ளியோடு எழுதினாலும் உயிர் ஏறினால் இரட்டிக்கும்: பஸ்ஸில், பஸ்ஸை. குறிலுக்குப் பின் நிற்கிற ஒற்று, கல் கல்லில் ஆவது மாதிரி.

பேச்சில் நாம் நிற்கக்கூடிய மெய்க்கும் உகரம் போடுகிறோம்: பாலு, காலு, நெல்லு, கண்ணு. அதை நோட்டீஸில் ஏற்றாதீர்கள். ஒரு முறை உர விளம்பரத்தில் "நெல்லு மகசூலு" என்று வந்துவிட்டது, விளம்பரம் கொடுத்தவரும் கவனிக்கவில்லை, அறுவடை முடியும் வரை அது சுவரில் ஒட்டியபடியே இருந்தது.

7. நடு: செருகத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

எல்லா இரட்டை மெய்யும் தமிழுக்கு ஆகாதது இல்லை. வாழ்த்து, பார்த்தான், பாய்ச்சல் என்று மூன்று மெய் அடுக்கிய சொல்லைக்கூட தினமும் சொல்கிறோம். ய், ர், ழ் இருந்தால் அப்படி வரும். எனவே மார்க்கெட், பார்ட்டி இவற்றில் கை வைக்காதீர்கள். கல்யாணமும் அப்படித்தான், ல்-க்குப் பின் ய வருவது தமிழுக்கு ஒத்துக்கொண்டது. கலியாணம் என்று எழுதினால் தப்பில்லை, ஆனால் கட்டாயமும் இல்லை.

ர் விஷயத்தில் மட்டும் ஒரு நுணுக்கம். நேர்மை, கூர்மை இயல்பாக நிற்கிறது. தர்மம் தருமம் ஆகிறது, பர்வதம் பருவதம் ஆகிறது. இரண்டிலும் ர்-க்குப் பின் மெய்தான், என்ன வித்தியாசம்? முன்னால் இருக்கிற உயிர். தனிக் குறிலை அடுத்து ர், ழ் இரண்டும் ஒற்றாக வராது என்பது தொல்காப்பிய விதி. நே, கூ நெடில். த, ப குறில். அதனால் உகரம் கேட்கிறது: அருக்கன், வருணம், கருவம், சருக்கரை. இன்று தர்மம், சர்க்கரை என்று எழுதுவதும் பரவலாகிவிட்டது, இரண்டும் செல்லும். வாடிக்கையாளர் எப்படி எழுதிக்கொடுத்தாரோ அப்படியே போடுங்கள்.

ஆனால் பொருள் மாறுகிற இடத்தில் ஜாக்கிரதை. கர்மம் கருமம் ஆனால் இலக்கணப்படி சரி, தெருவில் அது திட்டு. கார்யம் காரியம் ஆனதும் சரிதான், எங்கள் பக்கம் "காரியம் எப்போ?" என்று கேட்டால் பதினாறாம் நாளைக் கேட்கிறார்கள் என்று அர்த்தம். கல்யாணப் பத்திரிகையில் "சுப காரியம்" என்று சுபத்தைச் சேர்த்தே போடுங்கள்.

8. நடுவில் செருகினால் வல்லினத்தை இரட்டியுங்கள்

அதிகம் பேர் விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

போன ஆடியில் ஒரு கோயில் நோட்டீஸ் வந்தது. கையெழுத்தில் பத்ரகாளியம்மன். புதிதாக வந்த பையன், நாலாவது படி வரைக்கும் நன்றாகப் படித்தவன், ர-வுக்கு முன் இகரம் என்று நினைவு வைத்து பதிரகாளியம்மன் என்று அடித்துவிட்டான். விதிப்படி இகரம் சரி. புரூஃப் பார்க்க வந்த பூசாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார், நிறுத்தினார், இன்னொரு தடவை படித்தார்.

"என்னா தம்பி, அம்மா பதறிக்கிட்டு ஓடியார்ற மாதிரில்ல இருக்கு?"

பையன் என்னைப் பார்த்தான். "இகரம் போட்டுட்டேனே அண்ணே."

போட்டான், ஆனால் ஒற்றை விட்டுவிட்டான். பத்ர என்று சொல்லும்போது முதல் அசை பத் என்று மூடி நிற்கிறது, கனமாக. இகரத்தைச் செருகியதும் அந்தத் த் தன் இடத்தை விட்டு எழுந்து இகரத்தோடு போய்ச் சேர்ந்து தி ஆகிவிடுகிறது. முன்னால் ப மட்டும் தனியாக, லேசாக. போதாக்குறைக்கு, இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக மாட்டிய த மெலிந்தும் போகிறது. சொல்லின் எடையே போய்விட்டது. எழுந்து போனதன் இடத்தில் இன்னொரு த்-ஐ உட்கார வைத்தால் பத்திரகாளி, பழையபடி பத் மூடி நிற்கும்.

இதை ஒரு தடவை புரிந்துகொண்டால் நூறு சொல் தானாக வரும். பத்ரம் பத்திரம், சித்ரம் சித்திரம், சத்யம் சத்தியம், பாக்யம் பாக்கியம், முக்யம் முக்கியம், தத்வம் தத்துவம், பக்வம் பக்குவம், சுக்லம் சுக்கிலம், உக்ரம் உக்கிரம். முன்னால் நெடில் இருந்தாலும் இரட்டிக்கும்: மாத்திரை, பாத்திரம், ராத்திரி, யாத்திரை. ஆஸ்பத்திரியும் இந்த வழியில் வந்ததுதான்.

எப்போது இரட்டிக்கக் கூடாது? முன்னால் ஏற்கனவே ஒரு மெய் நின்று அசையை மூடியிருந்தால். சந்த்ரன் என்பதில் ந் இருக்கிறது, சந் மூடியாயிற்று, த் எழுந்து போனாலும் காலி இடம் இல்லை. சந்திரன், மந்திரம், இந்திரன். மேஸ்திரியும் அப்படி, ஸ் மூடிவிட்டது. செருகலுக்கு முன்னால் நிற்பது வல்லினம் இல்லை என்றாலும் இரட்டிப்பு வேண்டாம்: அம்லம் அமிலம், ஈஸ்வரன் ஈசுவரன், சூர்யன் சூரியன்.

பதுமம் மாதிரி சில பழஞ்சொற்கள் இரட்டிக்காமலே நிற்கும். செய்யுளில் பார்க்கலாம், நோட்டீஸில் வராது. கவலை வேண்டாம்.

லக்ஷ்மியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தினமும் வரும். ம-வுக்கு முன் உகரம், ஆகவே லட்சுமி. க்ஷ என்பது ட்ச ஆகும்போது ட் ஏற்கனவே அசையை மூடிவிடுகிறது, அதனால் லட்ச்சுமி என்று இன்னொரு ச் போடாதீர்கள். சூட்சுமமும் அதே கணக்கு.

9. ஆள் பெயரில் விதியைக் காட்டாதீர்கள்

பொதுச் சொல் உங்களுடையது, பெயர் அவர்களுடையது. ப்ரியா என்று எழுதிக்கொடுத்தால் ப்ரியா. எண் கணிதம் பார்த்து வைத்திருப்பார்கள், இல்லை பள்ளிச் சான்றிதழில் அப்படி இருக்கும். திருமணத்தைப் பதிவு செய்யப் போகும்போது பத்திரிகையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அங்கே பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அலைச்சல் அவர்களுக்கு, ஏச்சு நமக்கு. எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்குங்கள், போனில் கேட்டு எழுதாதீர்கள். போனில் ப்ரியாவும் பிரியாவும் ஒன்றாகத்தான் கேட்கும்.

ஒவ்வொரு சமூகத்துக்கும் நிலைத்துவிட்ட வடிவங்கள் உண்டு. வேளாங்கண்ணி, பூண்டி பக்கமிருந்து வருகிற வேலைகளில் ஆபிரகாம், பேதுரு. எட்டாவது படியைக் காட்டி ஆப்பிரகாம் என்று இரட்டிக்காதீர்கள், வேதாகமத்தில் எப்படியோ அப்படி. கிறிஸ்து என்பதில் றி. கிருஷ்ணன் நினைவில் கிருஸ்துமஸ் என்று அடிப்பது நான் அதிகம் திருத்துகிற பிழைகளில் ஒன்று.

நாகூர் பக்கத்து வேலை என்றால் தொழுகை நேரங்கள் வரும்: ளுஹர், அஸர். மூலத்தில் கடைசி இரண்டு மெய்களும் ஒட்டியே இருக்கும், தமிழில் அகரத்தைச் செருகியிருக்கிறார்கள். ர-வுக்கு முன் இகரம் என்று சொல்லிக்கொண்டு அதில் கை வைத்துவிடாதீர்கள். அவர்கள் எழுதுகிறபடியே.

10. அச்சுக்குப் போகும் முன்

வாய்விட்டுப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் கண் தப்பைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும். முடிந்தால் அந்த வேலையோடு சம்பந்தமில்லாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள், அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே பிழை. எங்களுக்கு அது டீ கொண்டு வருகிற அண்ணன்.

அப்புறம் கோப்பில் ப்ர, த்ர, க்ர, த்ய, த்வ, ஸ்வ ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். இரண்டு தரம் கலந்திருந்தால், மேலே பிரசாதம் கீழே ப்ரஸாதம் என்று, இங்கே மாட்டும்.

தேடுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்று என்ற பொத்தானைத் தொடாதீர்கள். த்ர எல்லாம் த்திர ஆகட்டும் என்று கட்டளை கொடுத்தால் பத்ரம் பத்திரம் ஆகும், கூடவே சந்த்ரன் சந்த்திரன் ஆகிவிடும், அதை எந்தத் தமிழ் வாயாலும் சொல்ல முடியாது. நானே ஒரு முறை அவசரத்தில் ப்ர-வை எல்லாம் பிர ஆக்கினேன். பெயர்கள், பிரசாதம், பிரம்மோற்சவம் எல்லாம் அழகாக மாறியிருந்தன. தேதி இருந்த வரியில் மட்டும், கொட்டை எழுத்தில், ஏபிரல் 14.